படத்துக்கு என்ன கூலி

கைவேலைக்கு விலை கேட்பதென்றால் எனக்குப் பயம். கத்தரிக்காய் கிலோ என்ன என்று கேட்பேன், ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பேன், அதெல்லாம் வேறு. ஒருத்தி குனிந்து உட்கார்ந்து கையால் செய்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டுமானால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் நான் பிழைப்பதே கைவேலையில்தான். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் ஆறு தையல் எந்திரம் போட்டிருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை. தைக்கக் கொடுத்தவர்கள் என்னிடம் எவ்வளவு என்று கேட்டாலும் அதே பயம்தான். "பாத்துப் போட்டுக் குடுங்க" என்பேன். கொடுத்ததை எண்ணாமல் இழுப்பறையில் போடுவேன். அவர்கள் படியிறங்கிய பிறகு எடுத்து எண்ணிப் பார்த்து வயிறெரிவேன்.

இது எங்கள் வீட்டு வளர்ப்பு. ஒரு காலத்தில் எங்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்ததாம். நான் பார்த்ததில்லை. வயல் போன பிறகும், விலை பேசுவது கௌரவக் குறைச்சல் என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை. கொடுப்பதைத் தட்டில் வைத்துக் கொடு, வாங்குவதை எண்ணாமல் வாங்கு. வயலை விற்றவர்கள் அந்த நினைப்பையும் அதோடு சேர்த்து யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். செய்யவில்லை, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெள்ளம் வந்த வருஷம் என் கடை வண்ணார்பேட்டையில் கீழ்த்தளத்தில் இருந்தது. எந்திரங்களில் நான்கு சேற்றுக்குள் போயின. வளையல்களை அடகு வைத்து வேறு எந்திரம் வாங்கி, இனிமேல் மாடிதான் என்று பாளையங்கோட்டைக்கு வந்தேன். என்னிடம் தைக்கிற ஐந்து பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். அடகுக் கடைக்கு வட்டி கட்டி, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மாடிக்கு வாடகையும் கொடுத்தால், மாதக் கடைசியில் எனக்குப் பஸ் காசு மிஞ்சும். ஒரு மாதம் அதுவும் மிஞ்சவில்லை. அந்த மாதத்தில்தான் பெங்களூரிலிருந்து போன் வந்தது.

பிள்ளைகள் உடுப்புக் கடை வைத்திருக்கிற ஒரு அம்மாள். தமிழ்க்காரர்தான். நான் தைத்த ஒரு பாவாடை சட்டையை ஏதோ கல்யாணத்தில் ஒரு குழந்தை மேல் பார்த்து, விசாரித்துப் பிடித்திருக்கிறார். பண்டிகைக்கு ஐந்து மாதிரி உடுப்புகள் வேண்டும். மாதிரி மட்டும் நான் தைத்தால் போதும், நூற்றுக்கணக்கில் தைக்கப்போவது கங்கைகொண்டானில் ஒரு தையல் ஆலை. மாதிரி தைக்க, துணிக்கு, படத்துக்கு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம், அதில் பாதி முன்பணம். பிடித்துவிட்டால் ஒவ்வொரு பண்டிகைக்கும் மாதிரி வேலை எனக்கே என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றேன். "படம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

மறுநாள் விளக்கினார். ஆலையில் துணி வெட்டுகிறவர் என்னைப் பார்க்கப்போவதில்லை, நான் அவர் பக்கத்தில் நின்று கையைக் காட்டிச் சொல்லப்போவதில்லை. அதனால் ஒவ்வொரு உடுப்புக்கும் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் என்று மூன்று படம் வேண்டும். தையல் எங்கே மடிகிறது, லைனிங் எங்கே முடிகிறது, பட்டனுக்கும் பட்டனுக்கும் இடைவெளி எவ்வளவு, எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். எனக்குக் கோலம்கூடக் கோணலாகத்தான் வரும். போனை வைத்துவிட்டு எந்திரங்களைப் பார்த்தேன். ஐந்து பேரும் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டனுக்குக் காஜா போடுகிற பெண்தான் வழி சொன்னாள். அவளுடைய சித்தி மகளை முக்கூடலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் உடை வடிவமைப்பு படித்தவள். கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை. கணவர் திருச்சூர் பக்கம் பேக்கரியில் வேலை. மாமியாரோடு இருக்கிறாள். "அவ வரைவாக்கா. வரையதுக்கு உசுர விடுவா" என்றாள்.

போனில் பேசினேன். சின்னக் குரல், ஆனால் கேள்விகள் சின்னதாக இல்லை. பிள்ளைக்கு எத்தனை வயது, துணி பட்டா பருத்தியா, லைனிங் தனியாகத் தொங்குமா சேர்த்துத் தைப்பதா. அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் நான் தொண்டையைச் செருமினேன்.

"இதுக்கு... என்ன எதிர்பாக்கிற?"

அந்தப் பக்கம் குழந்தையைத் தோள் மாற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்கக்கா" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. பாத்துப் போட்டுக் குடுங்க என்று சொல்கிறவள் மனதில் ஒரு தொகை இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான்.

நாலாம் நாள் முதல் உடுப்பின் மூன்று படங்களையும் போனில் அனுப்பினாள். அன்று மாலையே தாள்களைப் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டாள். ஜங்ஷனில் போய் வாங்கி, நின்ற இடத்திலேயே பிரித்துப் பார்த்தேன். பாவாடையின் உள்பக்கத்தை, யாரோ ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருப்பதுபோல வரைந்திருந்தாள். மடிப்புக்குள் மடிப்பு, அதற்குள் தையல். இடுப்புப் பட்டியில் ஓர் அம்புக்குறி போட்டு, "பின்னால மட்டும் எலாஸ்டிக். பிள்ளை சோறு தின்னா வயிறு பிடிக்கும்" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். காஜா நெடுக்கே வேண்டாம், குறுக்கே போடவும், ஓடினால் அவிழாது என்று ஒரு குறிப்பு. அதைக் காஜா போடுகிற பெண்ணிடம் காட்டினேன். "பாத்தியளாக்கா, இவ பிள்ளைக்குத் தச்சுப் போட்டுப் பாத்தவ" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. பயமாக இருந்தது. இவ்வளவு நன்றாக வரைகிறவள் எவ்வளவு கேட்பாள்? படம் நன்றாக இருக்க இருக்க என் பயம் கூடிக்கொண்டே போயிற்று. ஒரு கோடு சரியில்லை என்றால் குறை சொல்லிக் குறைக்கலாம். குறை சொல்ல ஓர் இடம் தேடித் தேடிப் பார்த்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள். கிடைக்கவும் இல்லை.

பெங்களூர் அம்மாளுக்குப் படம் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் இன்னும் கொஞ்சம் கேட்டார். கழுத்துப் பட்டியை மட்டும் பெரிதாக்கி ஒரு படம், கை மடிப்பை மட்டும் ஒரு படம். நான் அப்படியே முக்கூடலுக்குச் சொன்னேன். "சரிக்கா" என்றாள். அதற்குத் தனியாக என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டாவது உடுப்புக்கும் படம் வந்தது. குழந்தை தூங்குகிற நேரத்தில்தான் வரைய முடிகிறது என்று ஒருமுறை சொன்னாள். நான் அதைக் காதில் வாங்காத மாதிரிப் பேச்சை மாற்றினேன்.

அவளிடம் கேட்கத்தான் பயம், ஊரில் விசாரிக்கலாமே என்று டவுனில் ஆரி எம்பிராய்டரி வேலைக்கு டிசைன் விற்கிற கடைக்குப் போனேன். பூவும் மயிலும் போட்ட டிரேசிங் தாள், தாள் ஒன்று நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய். "எல்லாம் தாள் கணக்குதாம்மா" என்றார் கடை அண்ணாச்சி. அது கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் திருப்பூரில் வேலை பார்க்கிற ஒரு பழைய சிநேகிதிக்கும் போன் போட்டேன். அவள் சிரித்தாள். "தாள் கணக்கா? ஒரு டிசைனுக்கு அஞ்சாயிரம் வரைக்கும் வாங்குவாங்க. உள்பக்கமும் சேத்து வரைஞ்சா இன்னும் கூடப் போகும்" என்றாள். ஐந்து உடுப்புக்கு இருபத்தைந்தாயிரம். துணிக்கும் தைக்கிறவர்களுக்கும் போக என் கையில் நிற்கப்போவதே இருபத்து மூவாயிரம். அதில் வட்டி, வாடகை.

இரண்டு பேர் சொன்னதில் எதை நம்பினேன் என்று கேட்டால், எனக்குத் தோதானதைத்தான் நம்பினேன். திருப்பூர் பெரிய ஊர், அங்கே கதை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படம் பதினைந்து, தாளுக்கு இருநூறு. அண்ணாச்சி கடையைவிட ஐம்பது கூடத்தானே. மூவாயிரம்.

மூவாயிரத்தை வெறுங்கையாக எப்படிக் கொடுப்பது? கூலி என்று சொல்லிக் கொடுத்தால், "இது எந்தக் கணக்குல?" என்று அவள் கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குத்தான் என் பயமெல்லாம். கடையில் கிடந்த மொய்க் கவரை எடுத்தேன். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே வரும், பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டுக்கு வாங்கி மிஞ்சியது. மூவாயிரத்தை உள்ளே வைத்து, மேலே "பாப்பாவுக்கு அன்புடன்" என்று எழுதினேன். மொய்க்கு யாராவது கணக்குக் கேட்பார்களா? பிள்ளைக்குக் கொடுத்ததைப் பத்தாது என்று யாராவது சொல்வார்களா? கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். மரியாதை என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் ஊருக்குப் போன காஜாப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினேன்.

அதோடு முக்கூடலிலிருந்து படம் வருவது நின்றுவிட்டது.

முதல் நாள், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் போன் அடித்தேன். முழுதும் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் அணைத்து வைத்திருந்தது. இன்னும் மூன்று உடுப்புகள் பாக்கி, மாதம் முடியப் பத்து நாள். பெங்களூரிலிருந்து "அடுத்தது எப்போ?" என்று வந்த செய்தியைத் திறக்காமலே வைத்திருந்தேன். சோறு இறங்கவில்லை. மாடிப்படியில் யார் ஏறி வந்தாலும் திடுக்கென்றது. இவள் படத்தை வேறு யாருக்காவது விற்றுவிட்டாளோ என்று நினைத்தேன். பெங்களூர் அம்மாளையே நேராகப் பிடித்துவிட்டாளோ என்றும் நினைத்தேன். நான் ஏமாற்றியது நினைவுக்கு வரவே இல்லை, அவள் ஏமாற்றிவிடுவாளோ என்று மட்டும்தான் பயந்தேன். காஜாப் பெண்ணிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னமோ வீட்டுல சரியில்லக்கா. நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

போனேன். பேட்டை தாண்டுகிறவரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், அப்புறம் உட்கார இடம் கிடைத்தது. என்ன சொல்லப்போகிறேன்? கோபித்துக்கொண்டாளா என்று கேட்பதா? இன்னும் தருகிறேன் என்பதா? இன்னும் எவ்வளவு? பத்தாயிரம் என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளே. அதைச் சொல்வதற்குள்ளேயே வேர்த்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு நிறுத்தத்தில் எழுந்து நின்றேன்.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசல் அறையிலேயே மாமியார் மடியில் புகையிலைத் தூள் பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் சுளகுதான். அவர் பக்கத்தில் தரையில், கத்தரியால் பீடி இலை வெட்டிக்கொண்டு நான் தேடி வந்த பெண். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, மடியில் இலை இருந்ததால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுவரோரம் இருந்த படம் வரைகிற மேசையில் இலைக்கட்டு ஈரச் சாக்குக்குள் சுருட்டி வைத்திருந்தது. குழந்தை சுவரைப் பிடித்து நடந்து வந்தது. காலில் புதுக் கொலுசு.

"வாங்க, இரிங்க" என்றார் மாமியார். "பாப்பாவுக்குத் துட்டு குடுத்துவிட்டது நீங்கதானா? கொலுசு வாங்கிப் போட்டாச்சு. ரொம்பச் சந்தோசம்."

நான் கொலுசைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். "படம் இன்னும் மூணு உடுப்புக்குப் பாக்கி இருக்கு. அதான்..."

"இனி எதுக்குப் படம்?" அவர் கை நிற்கவே இல்லை, பீடி பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. "நானும் பாத்தேன். பிள்ள தூங்குன நேரம் பூரா குனிஞ்சே கெடக்கா. கேட்டா கூலி வேலைன்னு சொல்லுதா. சரி, கூலின்னா செய்யட்டும்னு நானும் இலை வெட்டச் சொல்லாம இருந்தேன். பெறவு பாத்தா மொய்க் கவரு வருது."

"அது வந்து..."

"நான் தப்பாச் சொல்லல. பிள்ளைக்கு ஆச வச்சுக் குடுத்திருக்கிய, நல்லதுதான். ஆனா அது கூலி இல்லல்லா? கூலின்னா ரேட்டு உண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கடைக்காரன் சொல்லித்தான் எனக்கு இலை போடுதான். ஒத்த ரூவா கொறஞ்சா நான் கேப்பேன். இவகிட்ட என்ன ரேட்டுன்னு கேட்டேன். தெரியாதுங்கா. ரேட்டே தெரியாத வேல என்ன வேல? வெளையாட்டு. வெளையாட்டுக்குக் கண்ணக் கெடுக்கணுமா? அதான் கத்தரியக் குடுத்து உக்கார வச்சிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. கத்தரி பிடித்த விரலில் இலைக் கறை ஏறியிருந்தது. விலையைச் சொல்லப் பயந்து நான் எழுதின நாலு எழுத்து, இவள் வேலையை வேலையே இல்லை என்று ஆக்கிவிட்டது. வீட்டுக்குள் இவள் வாயை அடைத்துவிட்டது. அதுவரை என் கடைக்காகப் பயந்துகொண்டிருந்தவள், அந்த நிமிஷம் இவளுக்காகப் பயந்தேன்.

"அது கூலி இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "அது பாப்பாவுக்குக் குடுத்தது. கூலி இனிமேதான் தரணும்."

மாமியாரின் கை நின்றது. "எவ்வளவு?"

பத்தாயிரம் என்று சொன்னேன். பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்த அதே பத்தாயிரம்.

அந்த அறையில் அது பெரிய தொகை. மாமியார் சுளகை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். மருமகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். மனசு லேசாகிக்கொண்டு வந்தது.

"பத்தாதுக்கா."

தலையைத் தூக்காமலேதான் சொன்னாள். இத்தனை நாளாக எந்தச் சொல்லுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தேனோ அதே சொல்.

"ஏட்டி" என்றார் மாமியார், அடிக்குரலில். அவருக்கும் பயம் வந்துவிட்டது. வந்த துட்டு எழுந்து போய்விடுமோ என்கிற பயம். "பைய பேசு. அவுக வீடு தேடி வந்திருக்காக."

அந்தப் பெண் கத்தரியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

"ஒரு உடுப்புக்கு மூணு படம், பெறவு பெருசாக்குன படம் ரெண்டு. மூணு நாளு ஆவுதுக்கா. உள்பக்கம் வரையதுக்கு முன்னால பழைய துணியில வெட்டித் தச்சுப் பாக்கேன். பாக்காம வரைஞ்சா அங்கன ஆலையில தப்பாப் போயிரும். அத்தனை உடுப்பும் தப்பாப் போயிரும். ஒரு உடுப்புக்கு நாலாயிரம் வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பாப்பாவுக்குக் குடுத்தது பாப்பாவுக்குக் குடுத்ததாவே இருக்கட்டும். அதக் கழிக்கக் கூடாது" என்றாள்.

கழிக்கலாம் என்று நான் அந்த நேரம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். எப்படித் தெரிந்ததோ.

ஐந்து உடுப்பு, இருபதாயிரம். என் மனக்கணக்கு தானாக ஓடியது. பாக்கி எனக்கு மூவாயிரம், அதுவும் ஏற்கெனவே இந்தக் குழந்தையின் காலில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வட்டிக்கு என்ன செய்வேன், வாடகைக்கு என்ன செய்வேன்? முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அப்படிப் போனால் என் ஆர்டரும் போகும், இந்த மேசைமேல் இலைக்கட்டும் அப்படியே இருக்கும். அவள் சொன்ன கணக்கில் பிசகு எங்கே என்று தேடினேன். அவள் படத்தில் கிடைக்காத மாதிரி இதிலும் கிடைக்கவில்லை.

"சரி" என்றேன்.

பாதியை முன்பணமாக அங்கேயே உட்கார்ந்து போனில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு என் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் நின்றது. மாமியார் மருமகளின் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, தொகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். எழுந்து போய், மேசைமேல் இருந்த இலைக்கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். ஈரச் சாக்கு இருந்த இடத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்தார்.

மீதிப் படங்கள் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தன. ஆர்டரும் நிலைத்தது. வட்டியை அந்த மாதம் கட்டவில்லை, அடுத்த மாதம் அபராதத்தோடு கட்டினேன். இதையெல்லாம் சொல்லிவிட்டேன் என்றால் கதை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்தது.

வெயில் சரியாக முகத்தில் அடித்தது. காலியாகிவிட்ட கணக்கை நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். போன் கிணுங்கியது. அவள்தான்.

"அக்கா நான் கூடக் கேட்டுட்டேனா?"

அவ்வளவுதான் செய்தி. அறையில் மாமியார் முன்னாலேயே பத்தாது என்று சொன்னவள், நான் கிளம்பிப் போன பிறகு தனியாக உட்கார்ந்து பயந்துபோயிருக்கிறாள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். சரியான கூலியைக் கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே நடுங்குகிற பயம். என் வாடிக்கையாளர் ஒருவர் "கொஞ்சம் கூடத்தான், பரவாயில்ல" என்று இழுத்தால் போதும், நானே நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இத்தனை வருஷமாகக் கொடுத்திருக்கிறேன். இவளும் கொடுப்பாள். நான் ஒரு வரி எழுதினால் போதும், இருபது பதினைந்தாகிவிடும். மாமியாருக்குக்கூடத் தெரியாது.

எழுதினேன். "கொஞ்சம் கூடத்தாம்மா, பரவாயில்ல" என்று முழுசாக எழுதினேன். தட்டுத் தடுமாறாமல், எழுத்துப் பிழை இல்லாமல் வந்தது. வட்டி, வாடகை, ஐந்து பேர் சம்பளம் என்று காரணங்களும் வரிசையாக வந்து நின்றன. அனுப்புகிற இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் வந்தேன். மேசையைத் துடைத்த முந்தானை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். "கூட இல்ல. அடுத்த வேலைக்கு முதல்ல ரேட்டச் சொல்லு, பெறவு பென்சிலத் தொடு" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பும்போது விரல் நடுங்கியது. முந்தினதை எழுதும்போது அது நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.